துடைக்கிற கைக்குத்தான் முதலில் தெரியும்: ஆபரேட்டர் கையில் இயந்திரப் பராமரிப்பு

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் நம் தொழிற்கூடங்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். ஆண்டு முழுவதும் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஏறிக் கிடந்த இயந்திரத்தை அன்று துணியும் மண்ணெண்ணெயுமாக உட்கார்ந்து துடைப்பார்கள். துடைக்கும்போதுதான் அடித்தட்டில் ஒரு போல்ட் இல்லாமலே இருப்பதும், பெல்ட்டின் ஓரம் பிய்ந்திருப்பதும், குழாய் இணைப்பில் எண்ணெய் துளிர்ப்பதும் கண்ணில் படும். "இதை ஃபிட்டரிடம் சொல்ல வேண்டும்" என்று யாராவது சொல்வார். பிறகு சந்தனமும் குங்குமமும் வைத்துப் பொரிகடலை கொடுப்பார்கள். விடுமுறை முடிந்து வந்தால் பழையபடி ஓட்டம்தான். கசிவின் மேலேயே புதுப் பெயின்ட் அடித்துவிடுகிற இடங்களும் உண்டு.

அந்த ஒரு நாள் வேலையை ஆண்டின் எல்லா ஷிப்டுக்கும் பிரித்துப் போடுங்கள். கண்ணில் பட்டதை எழுதி வைக்கவும், எழுதியதைச் சரிசெய்யவும் ஓர் ஏற்பாட்டைச் சேருங்கள். தொழிற்சாலைகளில் "டிபிஎம்" என்ற பெயரில் நடப்பதன் உயிர்ப்பகுதி அதுதான். டோட்டல் புரொடக்டிவ் மெயின்டனன்ஸ் என்பதன் சுருக்கம் அது. முழுமையான உற்பத்திப் பராமரிப்பு என்று தமிழில் சொல்லலாம். அதில் இயந்திரத்தை ஓட்டுகிறவரே அன்றாடப் பராமரிப்பைக் கையில் எடுத்துக்கொள்ளும் பகுதிக்குத் தன்னாட்சிப் பராமரிப்பு என்று பெயர். ஜப்பானியச் சொல் ஜிஷு ஹோசென்.

இந்தத் திட்டம் நுழைகிற இடத்திலெல்லாம் ஒரு குழப்பமும் கூடவே நுழைகிறது. "ஃபிட்டர் செய்ய வேண்டியதையும் துப்புரவு செய்ய வேண்டியதையும் என் தலையில் கட்டுகிறார்களா?" என்று ஆபரேட்டர் கேட்கிறார். "என் வேலை போய்விடுமா?" என்று ஃபிட்டர் நினைக்கிறார். "தரையைக் கூட்டினால் உற்பத்தி எப்படிக் கூடும்?" என்று கணக்குப் பிரிவு கேட்கிறது. மூன்றும் நியாயமான கேள்விகள். விடை தேட, இயந்திரம் எப்படிக் கெடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கும் முன்னால், கெடுவது என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும்.

எந்தப் பதிவேட்டிலும் ஏறாத 54 நிமிடம்

பழுது என்றதும் இயந்திரம் முழுதாக நின்றுபோவதுதான் நினைவுக்கு வரும். அது ஒரு வகை. ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் மெதுவாக ஓடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சிக்கிக்கொள்ளும். பத்துக்கு ஒன்று கழிவாகும். இது இரண்டாவது வகை. முதல் வகைக்குக் கூட்டம் கூடுகிறது, பதிவேடு இருக்கிறது, மேலாளர் வந்து நிற்கிறார். இரண்டாவது வகையை யாரும் பழுதென்று சொல்வதில்லை. "இந்த மிஷின் அப்படித்தான்" என்பார்கள்.

இரண்டையும் சேர்த்து அளக்க ஓர் அளவுகோல் உண்டு. ஓஇஇ என்று சொல்வார்கள். இயந்திரத்தின் ஒட்டுமொத்தச் செயல்திறன். மூன்று விகிதங்களைப் பெருக்கினால் வருவது: எவ்வளவு நேரம் ஓடியது, ஓடிய நேரத்தில் எவ்வளவு வேகத்தில் ஓடியது, வந்த பொருளில் எவ்வளவு தேறியது. உலோகத் தகட்டை அச்சில் வைத்து அழுத்திப் பொருள் செய்யும் பிரஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு மாதிரிக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம்.

1. எட்டு மணி நேர ஷிப்ட், 480 நிமிடம். சாப்பாடு, தேநீருக்கு 30 போனால் ஓட வேண்டியது 450 நிமிடம்.
2. பழுதில் 40 நிமிடமும் அச்சு மாற்றுவதில் 50 நிமிடமும் போயின. ஓடியது 360 நிமிடம். விகிதம் 80 விழுக்காடு.
3. ஒரு பொருளுக்கு அரை நிமிடம். 360 நிமிடத்தில் 720 வர வேண்டும். வந்தது 612. விகிதம் 85 விழுக்காடு.
4. அதில் 18 கழிவு, தேறியது 594. விகிதம் 97 விழுக்காடு.
5. மூன்றையும் பெருக்கினால் 66 விழுக்காடு.

மூன்றாவது வரியில்தான் விஷயம் இருக்கிறது. 720-க்கும் 612-க்கும் இடையே 108 பொருள் காணவில்லை. அரை நிமிட வீதம் 54 நிமிடம். கூட்டம் போட்டுப் பேசிய பழுது 40 நிமிடம்தான். யாரும் பேசாத சிறு நிறுத்தங்களும் வேகக் குறைவும் அதைவிடப் பெரிது. சென்சாரில் தூசி படிந்து நின்றது, தகடு வழுக்கிக் கோணலாக நுழைந்தது, ஆபரேட்டர் கையால் தட்டிவிட்டு மறுபடி பொத்தானை அழுத்தினார் என்று பத்துப் பத்து நொடியாகப் போன நேரம் அது. பராமரிப்புத் துறையை இதற்கெல்லாம் யாரும் அழைப்பதில்லை. அழைத்தாலும் அவர்கள் வந்து சேர்வதற்குள் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். ஆக, இந்த இழப்பைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் ஆபரேட்டர்.

இந்தத் துறையில் 85 விழுக்காடு என்பது உலகத்தரம் என்று திரும்பத் திரும்பச் சொல்லப்படும். 90, 95, 99 ஆகிய மூன்று விகிதங்களைப் பெருக்கினால் ஏறத்தாழ வருவது அந்த எண். ஒரு நாளில் பத்து முறை அச்சு மாற்றுகிற சிறு பட்டறையையும் மாதக்கணக்கில் ஒரே பொருளைச் செய்கிற ஆலையையும் அதே கோலால் அளப்பது வீண். ஓர் இயந்திரத்தின் இந்த மாத எண்ணை அதன் போன மாத எண்ணோடு ஒப்பிட்டால் போதும்.

இயற்கையான தேய்வும் வரவழைத்த தேய்வும்

எந்த உதிரிபாகமும் தேயும். சரியான சுமை, சரியான எண்ணெய், சரியான சூழலில் ஓடித் தேய்ந்தால் அது இயற்கையான தேய்வு. அழுக்கு, எண்ணெய்ப் பற்றாக்குறை, தளர்ந்த போல்ட், அளவுக்கு மேல் இறுக்கிய பெல்ட் ஆகியவற்றால் முன்கூட்டியே தேய்ந்தால் அது நாமே வரவழைத்த தேய்வு. தன்னாட்சிப் பராமரிப்பின் முதல் குறி இந்த இரண்டாவதை நிறுத்துவது.

இரண்டுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு என்பதற்கு பேரிங் நல்ல சான்று. பந்து பேரிங்கின் கணக்கிட்ட ஆயுள், அதன்மீது விழும் சுமையின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் மாறும். சுமை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒரு பங்கு. கால் பங்கு கூடினாலே ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும். பெல்ட் வழுக்குகிறது என்று மோட்டாரை இன்னும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி இறுக்கும்போது நடப்பது இதுதான். வழுக்கல் அன்றைக்கு நிற்கும். பேரிங் சில மாதம் கழித்துச் சத்தம் போடும். இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

மோட்டார் சுருளின் மின்காப்பும் அப்படியே. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடினால் காப்பின் ஆயுள் பாதியாகும் என்பது மின்பொறியாளர்களின் பழைய கைக்கணக்கு. நூற்பாலையில் மோட்டாரின் குளிர்விப்பு இடுக்குகளில் பஞ்சுத் தூசி அடைத்துக்கொண்டால் காற்றோட்டம் போய்ச் சூடு ஏறும். இதைத் தடுக்க எந்தத் தொழில்நுட்பமும் வேண்டாம், ஒரு தூரிகை போதும். பிறகு ஏன் நடப்பதில்லை என்றால், தூரிகை பிடிக்க வேண்டியவர் யார் என்று எங்கும் எழுதப்படவில்லை என்பதுதான் விடை.

கிரீஸில் நிலைமை தலைகீழ். அங்கே குறைவாகப் போடுவதைப்போல அதிகமாகப் போடுவதும் கேடு. பேரிங் கூட்டின் காலியிடத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை கிரீஸ் இருந்தால் போதும் என்பது பொதுவழக்கு. பிதுங்கி வழியும்வரை அடித்தால் உள்ளே கடைபட்டுச் சூடாகும். வகை மாற்றி அடித்தால், லித்தியம் கிரீஸின் மேல் பாலியூரியா கிரீஸ் போட்டதுபோல, ஒத்துப்போகாத இரண்டு கலந்து நீர்த்து ஒழுகிவிடக்கூடும். கிரீஸ் ஏற்றும் முனையைத் துடைக்காமல் துப்பாக்கியைப் பொருத்தினால், மேலிருக்கும் மண்ணை நாமே அழுத்தம் கொடுத்து உள்ளே அனுப்புகிறோம். "கிரீஸ் அடி" என்று ஒரு வரியில் வேலை சொல்லிவிட்டுப் போவது பராமரிப்பாகாது.

காலக்கெடு வைத்து மாற்றினால் போதாதா

நியாயமான கேள்வி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பிரித்து மாற்றிவிட்டால் ஆபரேட்டரைத் தொல்லை செய்ய வேண்டாமே?

இந்த நம்பிக்கையை உடைத்தது விமானத்துறை. யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த நவ்லன், ஹீப் என்ற இருவர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக 1978-இல் ஓர் அறிக்கை எழுதினார்கள். விமானப் பாகங்களில் வயதாக ஆகக் கெடும் வாய்ப்பு கூடுகிற வகை 11 விழுக்காடுதான் என்று அவர்கள் கணக்குக் காட்டியது. மிச்சமிருந்தவற்றுக்கும் வயதுக்கும் குறிப்பிடும்படியான தொடர்பு இல்லை. 68 விழுக்காடு பாகங்கள் பொருத்திய புதிதில்தான் அதிகம் கெட்டன. அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டால் பிறகு எப்போது கெடும் என்பது வயதைப் பொறுத்ததாக இல்லை. நன்றாக ஓடுவதைப் பிரித்துப் பூட்டினால் புதுக் கோளாறுக்கு நாமே வாசல் திறந்துவிடுகிறோம் என்பது இதன் இன்னொரு பொருள். விமானத்தின் விழுக்காடுகள் கோவைப் பம்புசெட் ஆலைக்கு அப்படியே பொருந்தா. கற்க வேண்டியது திசையை: நாட்காட்டியைப் பார்த்து மாற்றுவது சில பாகங்களுக்குத்தான் உதவும், மற்றவற்றுக்கு நிலையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

நிலையைப் பார்ப்பதில் ஒரு கால இடைவெளிக் கணக்கு இருக்கிறது. பெரும்பாலான கோளாறுகள் திடீரென்று வருவதில்லை. அறிகுறி தெரியத் தொடங்கும் நேரம் ஒன்று, செயல் நின்றுபோகும் நேரம் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. பேரிங்கில் முதலில் அதிர்வு மாறும், பிறகு சத்தம் வரும், பிறகு கை வைக்க முடியாத சூடு, கடைசியில் புகை. சத்தத்துக்கும் நின்றுபோவதற்கும் நடுவே நான்கு நாள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு ஒருமுறை சுற்றிவரும் ஃபிட்டர் அதைத் தவறவிட நல்ல வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு ஷிப்டிலும் பக்கத்தில் நிற்கிற ஆபரேட்டர் தவறவிட மாட்டார், கேட்கத் தெரிந்திருந்தால்.

அதிர்வுமானி மனிதக் காதைவிட முன்னதாகவே கண்டுபிடிக்கும் என்பது உண்மை. விலையுயர்ந்த கம்பிரசருக்கும் டர்பைனுக்கும் அதை வைக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு கூடத்தில் இருக்கும் ஐந்நூறு பேரிங்குக்கும் இருநூறு பெல்ட்டுக்கும் கருவி வைக்கப் பணம் எங்கே இருக்கிறது? காதும் மூக்கும் விரலும் ஏற்கெனவே சம்பளப் பட்டியலில் இருக்கின்றன.

நிப்பான்டென்சோவில் நடந்தது

1951 வாக்கில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் முன்தடுப்புப் பராமரிப்பு என்ற முறையை அமெரிக்காவிலிருந்து எடுத்துக்கொண்டன. அதில் வேலைப் பிரிவினை கறாரானது: ஓட்டுகிறவர் ஓட்டுவார், பழுது பார்க்கிறவர் பார்ப்பார். டொயோட்டாவிலிருந்து 1949-இல் பிரிந்து தனி நிறுவனமானது நிப்பான்டென்சோ. ஐச்சி மாநிலத்தின் கரியா நகரில் தலைமையகம், வாகன மின்பாகங்கள் தயாரிப்பு. இன்று டென்சோ என்ற பெயரில் நாம் அறிவது அதைத்தான். 1960-களில் அங்கே தானியங்கி இயந்திரங்கள் வேகமாகப் பெருகின. அத்தனைக்கும் எண்ணெய் விடவும் துடைக்கவும் சோதிக்கவும் பராமரிப்புத் துறையில் ஆள் போதவில்லை. அன்றாட வேலையை ஆபரேட்டர்களிடம் கொடுத்துவிட்டு, பராமரிப்புக்காரர்கள் இயந்திரத்தையே மேம்படுத்தும் வேலைக்கு நகர்ந்தார்கள். தொழிலாளர்கள் கூடித் தரச் சிக்கல்களைத் தீர்க்கும் தரவட்டங்கள் என்ற சிறுகுழுப் பழக்கம் ஜப்பானில் 1962 முதலே பரவியிருந்ததால் அதற்கு வேண்டிய மேடையும் தயாராக இருந்தது. 1971-இல் சிறந்த ஆலைப் பராமரிப்புக்கான ஜப்பானிய விருது நிப்பான்டென்சோவுக்குக் கிடைத்தது. சேய்ச்சி நாகாஜிமா என்ற ஜப்பானியப் பராமரிப்பு வல்லுநர் இதை டிபிஎம் என்ற முறைமையாகத் தொகுத்து உலகுக்குச் சொன்னார்.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். தொடங்கிய காரணம் ஆள் பற்றாக்குறைதான். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் ஃபிட்டரை வீட்டுக்கு அனுப்பவில்லை, அவருக்கு உயர்ந்த வேலை கொடுத்தார்கள். இந்த இரண்டாம் பாதியை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் இறக்குமதி செய்கிற இடங்களில்தான் மேலே சொன்ன இரண்டு அச்சங்களும் நிஜமாகின்றன.

தமிழ்நாட்டுக்கு இந்த ஜப்பானிய மரபு புதிதன்று. தரமேலாண்மைக்கான டெமிங் விருதை இந்தியாவில் முதன்முதலாக 1998-இல் பெற்றது அப்போது சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு. தர இயக்கமும் பராமரிப்பு இயக்கமும் ஒன்றல்ல. ஆனால் சிறுகுழு, கூடத்து அளவிலேயே சிக்கலைத் தீர்ப்பது என்று இரண்டுக்கும் வேர் ஒன்று.

ஏழு படிகள், கனமானவை முதல் மூன்று

தன்னாட்சிப் பராமரிப்பை ஏழு படிகளாகச் சொல்வது வழக்கம். ஏழும் ஒரே எடையுள்ளவை அல்ல.

1. முதல் துடைப்பு. இயந்திரத்தை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, மூடிகளைத் திறந்து உள்ளே வரை துடைப்பது. "சுத்தம் செய்வதே சோதிப்பது" என்று ஜப்பானியக் கூடங்களில் சொல்வார்கள். துணி ஒவ்வோர் அங்குலத்தையும் தொட்டுப் போகும்போது தளர்வு விரலுக்குத் தெரியும், விரிசல் கண்ணுக்குத் தெரியும். தெரிந்த ஒவ்வொன்றுக்கும் அந்த இடத்திலேயே ஒரு சீட்டு கட்டுவார்கள். ஆபரேட்டரே சரிசெய்யக்கூடியது என்றால் வெள்ளைச் சீட்டு, பராமரிப்புத் துறை வர வேண்டியது என்றால் சிவப்பு. நிறம் ஆலைக்கு ஆலை மாறலாம். முதல் நாளில் ஒரே இயந்திரத்தில் சீட்டுகள் தோரணம்போலத் தொங்குவது சாதாரணம். மேலாளர்களே ஓர் இயந்திரத்தை முதலில் துடைத்துக் காட்டும் வழக்கமும் உண்டு. நல்ல வழக்கம், மேசைக்குப் பின்னாலிருந்து தெரியாத பல விஷயங்கள் அன்று தெரிந்துவிடும்.

2. அழுக்கு வரும் வழியை அடைப்பது. இந்தப் படியில்தான் திட்டத்தின் நாணயம் தெரியும். துடைத்தது மறுநாளே அழுக்கானால், மறுநாளும் துடை என்று சொல்வது நிர்வாகத்தின் சோம்பேறித்தனம். கணினி வழி இயங்கும் சிஎன்சி லேத்தில் உலோகச் சீவல் தெறித்துக் கூடம் முழுவதும் பரவுகிறதென்றால், தெறிக்கும் இடத்துக்கு அருகிலேயே ஒரு சிறு தடுப்பு வைத்தால் துடைக்கும் பரப்பு சுருங்கிவிடும். எண்ணெய் கசிந்தால் கீழே தட்டு வைக்கக் கூடாது, கசிவைத் தடுக்கும் சீல் வளையத்தை மாற்ற வேண்டும். எட்டாத இடத்தில் இருக்கும் கிரீஸ் முனையை ஒரு குழாய் போட்டு வெளியே கொண்டுவரலாம். பெல்ட்டைப் பார்க்க நான்கு போல்ட் கழற்ற வேண்டும் என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். மூடியில் ஒளிபுகும் தகடு பதித்தால் நடந்து போகும்போதே பார்த்துவிடலாம். துடைக்கும் நேரம் அரை மணியிலிருந்து பத்து நிமிடமாகக் குறைவதுதான் இந்தப் படி முடிந்ததற்கு அடையாளம்.

3. தற்காலிக நெறி எழுதுவது. எதை, எதனால், எவ்வளவு நாளைக்கு ஒருமுறை துடைப்பது, எண்ணெய் விடுவது, இறுக்குவது. எழுத வேண்டியவர் ஆபரேட்டர்; சரிபார்க்க வேண்டியவர் ஃபிட்டர். இந்தக் கட்டத்தில்தான் கண்ணுக்குத் தெரியும் குறிகள் வருகின்றன. நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே பெயின்ட்டில் ஒரு கோடு போட்டால், கோடு விலகியதும் தளர்ந்தது தெரியும். அழுத்தமானியில் பச்சை, சிவப்பு எல்லை தீட்டினால் எண்ணைப் படிக்கத் தேவையில்லை. எண்ணெய்க் கண்ணாடியில் மேல்வரம்பு, கீழ்வரம்பு. ஒவ்வொரு கிரீஸ் வகைக்கும் ஒரு நிறம். அதே நிறம் துப்பாக்கியிலும் முனையிலும்.

4. பொதுச் சோதனைப் பயிற்சி. எண்ணெயிடல், காற்றழுத்தம், ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தால் இயக்குவது), போல்ட் இறுக்கம், இயக்கப் பாகங்கள் என ஒவ்வொன்றாக ஆபரேட்டருக்குக் கற்றுத் தருவது. ஒரே தாளில் ஒரே விஷயத்தைப் படம் போட்டு ஐந்து, பத்து நிமிடத்தில் சொல்லும் ஒற்றைப் பாடத்தாள் இதற்கு நன்றாகப் பயன்படுகிறது.

ஐந்தாம் படியில் அந்தத் தற்காலிக நெறி திருத்தப்பட்டு முறையான சோதனைப் பட்டியலாகிறது. ஆறில் கருவி, அச்சு, உதிரிபாகம், பதிவேடு என்று இயந்திரத்தைச் சுற்றியுள்ளவையும் ஒழுங்குக்குள் வருகின்றன. ஏழில் குழு தன் இலக்கைத் தானே வைத்துக்கொண்டு நடக்கிறது. முதல் மூன்றையும் அரைகுறையாக விட்டுவிட்டு ஏழாம் படிக்குப் பலகை மாட்டிய கூடங்கள் உண்டு.

எது ஆபரேட்டர் வேலை அல்ல

ஓட்டுகிறவர் எல்லாவற்றையும் செய்யலாம் என்று யாராவது சொன்னால் அது ஆபத்து. மின்பலகையைத் திறப்பது, மூடி திறந்தால் இயந்திரத்தை ஓடவிடாத பாதுகாப்பு இன்டர்லாக்கைத் தொடுவது, பாய்லர் முதலிய அழுத்தக் கலன்களில் கை வைப்பது, துல்லிய அளவமைப்பை மாற்றுவது ஆகியவை தகுதி பெற்றவரின் வேலை.

துடைப்பது என்றாலும் முதலில் இயந்திரம் செத்துக் கிடக்க வேண்டும். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. மின்இணைப்பைத் துண்டித்துப் பூட்டுப் போட வேண்டும். உள்ளே கை வைக்கும் ஒவ்வொருவருக்கும் சொந்தப் பூட்டு, சாவி அவரவர் பையில். குழாயில் தேங்கிய காற்றழுத்தம், ஹைட்ராலிக் தேக்கி, அழுந்திய ஸ்பிரிங், மேலே தூக்கி நிற்கும் பிரஸ் தலை ஆகியவை மின்சாரம் போன பிறகும் உயிரோடு இருக்கும். அவற்றை விடுவித்த பிறகு, பொத்தானை ஒருமுறை அழுத்தி ஓடவில்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

இந்தியத் தொழிற்கூடங்களைப் பல பத்தாண்டுகள் ஆண்டுவந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-ஆவது பிரிவு இதைப் பற்றித்தான் பேசியது. ஓடும் இயந்திரத்தைச் சோதிக்கவோ எண்ணெயிடவோ நேர்ந்தால், தனிப்பயிற்சி பெற்று, பதிவேட்டில் பெயர் ஏறிய, உடலோடு ஒட்டிய உடை அணிந்த வயதுவந்த ஆண் தொழிலாளியே செய்ய வேண்டும் என்றது. உடையைத் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு. ஓடும் உந்துபொறியையும் விசை கடத்தும் அமைப்புகளையும் பெண்களும் இளம்வயதினரும் துடைக்கவோ எண்ணெயிடவோ கூடாது என்றும் தடுத்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே துணியை நீட்டுகிற பழக்கத்தால் எத்தனை விரல்கள் போயின என்பது அந்தப் பிரிவை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, அழுத்தக் காற்றை ஊதிச் சுத்தம் செய்வது. விரைவாக முடியும் என்பதால் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் ஊதப்பட்ட சீவல் காணாமல் போவதில்லை. சறுக்குப் பாதைக்குள்ளும் சீலுக்குள்ளும் போய் உட்காரும், அல்லது பக்கத்தில் நிற்பவர் கண்ணில் விழும். தூரிகையும் உறிஞ்சும் கருவியும் மெதுவானவை, ஆனால் சரியானவை.

எங்கே சறுக்குகிறது

சீட்டில் தொடங்கிச் சீட்டிலேயே முடிகிறது, பெரும்பாலும். ஆபரேட்டர் சிவப்புச் சீட்டு கட்டுகிறார். மூன்று வாரம் அது அங்கேயே தொங்குகிறது. உதிரிபாகம் இல்லை, ஆள் இல்லை, நேரம் இல்லை. நான்காவது வாரம் அவர் இன்னொரு கோளாறைப் பார்க்கிறார், சீட்டு கட்டவில்லை. அன்றோடு திட்டம் முடிந்துவிட்டது, பலகை மட்டும் இன்னும் இரண்டு ஆண்டு தொங்கும். நிர்வாகங்கள் எத்தனை சீட்டு கட்டினோம் என்று எண்ணிப் பெருமைப்படுகின்றன. கட்டியதிலிருந்து அவிழ்க்கும்வரை சராசரியாக எத்தனை நாள் ஆயிற்று என்பது அதைவிட முக்கியமான எண்.

அடுத்தது நேரம். ஷிப்ட் தொடக்கத்தில் பத்து நிமிடம் துடைக்கவும் சோதிக்கவும் என்றால், அந்தப் பத்து நிமிடத்துக்கான பொருள் எண்ணிக்கையை அன்றைய இலக்கிலிருந்து கழிக்க வேண்டும். கழிக்காவிட்டால் ஆபரேட்டர் இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்றுவார், அவர் எதைக் காப்பாற்றுவார் என்று சொல்லத் தேவையில்லை. சோதனைத்தாள் முப்பது நாளுக்கும் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் நிரம்பியிருக்கும். அதைப் பார்த்து ஆபரேட்டரைக் கடிந்துகொள்வது எளிது. இலக்கு போட்டவரைக் கேட்பதுதான் முறை.

தமிழ்நாட்டுக் கூடங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த முறை பிறந்த இடத்தில் தொழிலாளி நீண்டகாலம் ஒரே நிறுவனத்தில் இருப்பார், ஓர் இயந்திரத்தோடு ஆண்டுக்கணக்கில் பழகுவார். அதன் இயல்பான சத்தம் தெரிந்தவருக்குத்தான் மாறிய சத்தம் தெரியும். நம்மிடமோ பல இடங்களில் இயந்திரத்தின் முன்னால் நிற்பவர் ஒப்பந்தத் தொழிலாளி அல்லது பயிற்சியாளர். சில மாதத்தில் வேறு வரிசைக்கு மாற்றப்படுவார், அல்லது வெளியே போய்விடுவார். அவரிடம் "இது உன் இயந்திரம்" என்று எழுதிய பலகையைக் கொடுப்பது கேலிக்கு நெருக்கமானது. தன்னாட்சிப் பராமரிப்பு வேண்டும் என்கிற நிறுவனம், ஆள் நிலைப்பதைப் பற்றியும் திறனுக்கேற்ற கூலியைப் பற்றியும் முடிவெடுக்காமல் தப்ப முடியாது. நான்காம் படியில் ஹைட்ராலிக் கற்ற ஆபரேட்டர் நேற்றைய அதே தரத்து ஆபரேட்டர் அல்லர். சம்பளத் தாளுக்கு அது தெரிய வேண்டும்.

எண்களைப் படிக்கும் விதம்

பயன் தருகிறதா என்று பார்க்க இரண்டு சராசரிகள் போதும். ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் இடையே எத்தனை மணி நேரம் ஓடியது என்பது ஒன்று. பழுதானால் சரிசெய்ய எவ்வளவு நேரம் பிடித்தது என்பது மற்றொன்று. மாதம் 600 மணி ஓடிய இயந்திரம் 12 முறை நின்றால் முதல் எண் 50 மணி. நின்றது ஆறு முறை என்றால் 100 மணி. முதல் எண் வளர்வது ஆபரேட்டரின் கவனிப்பைக் காட்டும். இரண்டாவது குறைவது உதிரிபாகக் கையிருப்பையும் ஃபிட்டரின் திறமையையும் காட்டும். ஒன்றின் பெருமையை மற்றதற்குக் கொடுத்துவிடக் கூடாது.

தொடங்கிய முதல் சில மாதங்களில் கணக்கு மோசமாவது இயல்பு. முன்பு எழுதாமல் விட்ட சிறு நிறுத்தமெல்லாம் இப்போது எழுதப்படுகிறது. திறந்து பார்த்ததில் தெரிந்த கோளாறுக்காக இயந்திரத்தை நிறுத்தவும் வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டத்தில் "பழுது ஏன் கூடியது?" என்று மேலிடம் கோபப்பட்டால், அடுத்த மாதமே எண் அழகாகிவிடும். எழுதுவதை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான்.

எல்லா இயந்திரங்களிலும் ஒரே நாளில் தொடங்குவதும் கூடாது. வரிசையில் எது நின்றால் மற்றவையும் நிற்குமோ அப்படிப்பட்ட ஓரிரண்டைத் தேர்ந்து, மூன்றாம் படிவரை முழுதாக முடித்துவிட்டு நகர்வது நல்லது.

ஒரு கூடத்துக்குள் போகும் வெளியாள், அங்கே நடப்பது நிஜமா அலங்காரமா என்று அறிய விளக்கப்படங்களைப் படிக்க வேண்டியதில்லை. தொங்குகிற சிவப்புச் சீட்டுகளில் மிகப் பழையது எந்தத் தேதி என்று பார்க்கலாம். பிறகு ஆபரேட்டரிடம், சோதனைத்தாளிலிருந்து கடைசியாக நீக்கிய வரி எது, ஏன் நீக்கினீர்கள் என்று கேட்கலாம். கசிவை அடைத்துவிட்டோம், அதனால் அந்த இடத்தைத் தினமும் துடைக்கத் தேவையில்லை என்று அவர் சொன்னால், இரண்டாம் படி அங்கே நடந்திருக்கிறது.